வாயை மூடிக்கொண்டு செவ்வாய்க்கு: செங்கல்பட்டிலிருந்து பட்டிபுலம் வரை

இந்த வலைப்பூவில் இதுவரை நான் எழுதியதெல்லாம் காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பும் பைக் பயணங்கள். எந்தச் சாலையில் குழி அதிகம், எந்தக் கடையில் பரோட்டா நன்றாக இருக்கும் என்ற அளவில்தான் என் ஆராய்ச்சி. இந்த முறை எங்களோடு ஒரு ரோவரும் வந்தது. அதனால் பதிவு கொஞ்சம் நீளம். உங்கள் கல்லூரியிலும் இப்படி ஒரு வண்டியைக் கட்டிவிட்டு, ஓட்டிப் பார்க்க இடம் தேடுகிறீர்கள் என்றால் பொறுமையாகப் படியுங்கள், உதவும்.

ரோவர் என்றால், செவ்வாய் போன்ற கிரகங்களின் தரையில் ஆளில்லாமல் ஊர்ந்து போகும் வண்டி. செங்கல்பட்டுக்கு வெளியே உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் நாங்கள் பதினான்கு பேர் சேர்ந்து இரண்டு வருடமாக அப்படி ஒன்றைக் கட்டி வருகிறோம். ஆறு சக்கரம், கல் பொறுக்க ஒரு கை, நீண்ட கழுத்தின் உச்சியில் ஒரு கேமரா. எடை நாற்பத்திரண்டு கிலோ. பக்கவாட்டிலும் நகரும் என்பதால் நண்டு என்று பெயர் வைத்தோம். சக்கரங்கள் என் பொறுப்பு. அதுபோக வண்டி பிடிப்பது, சோறு வாங்குவது, அனுமதி கேட்பது, கத்துவது. இதில் கத்தும் வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டது.

மாணவர் ரோவர்களுக்கென்று ஒரு போட்டி இருக்கிறது. இறுதிச் சுற்றுக்குத் தேர்வாக ஒரு காணொளி அனுப்ப வேண்டும். நிபந்தனைகள் கறாரானவை. கரடுமுரடான தரையில் ரோவர் போய், நட்டு வைத்த ஒரு கம்பத்தை அடைந்து, அங்கே கிடக்கும் கல்லை எடுத்துப் பக்கத்துப் பெட்டியில் போட வேண்டும். ஒரே ஓட்டம், வெட்டி ஒட்டக் கூடாது. ஓட்டுபவர் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ரோவரின் கேமரா காட்டுவதை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். வெளியிலிருந்து யாரும் தொடவோ வழி சொல்லவோ கூடாது. கூடாரத்துக்குள் ஒரு கேமரா, வெளியே ஒரு கேமரா, இரண்டிலும் ஒலி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஞாயிறு மதியத்துக்குள் அனுப்ப வேண்டும், திங்கள் முதல் செமஸ்டர் தேர்வு. கல் பொறுக்கும் கையின் மோட்டார் சரியாகி உயிர் வந்ததே வெள்ளி சாயங்காலம். ஆக, மே மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை ஒன்றுதான் எங்கள் கையில் இருந்தது. இந்த முறையும் தேர்வாகவில்லை என்றால் நண்டைப் பிரித்து மோட்டார்களை முதலாண்டுப் பிள்ளைகளின் பாடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று துறையில் முடிவாகியிருந்தது. அதைச் சொன்ன பேராசிரியர் நல்லவர்தான், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மற்றவர்கள் தேர்வுக்குப் படிக்கப் போய்விட, மூன்று பேர் கிளம்பினோம். நான், மென்பொருள் எழுதும் ஜெரால்ட், ரோவரை ஓட்டும் நிவேதா. ஜெரால்டும் நானும் மூன்றாமாண்டு. நிவேதா இரண்டாமாண்டு, கருங்குழிக்காரி. அதிகம் பேச மாட்டாள். எங்கள் கல்லூரி மைதானத்தில் நண்டை அவள் ஓட்டினால் ஒரு செங்கல்லில்கூட இடிக்காது. மற்ற பதின்மூன்று பேரும் ஓட்டிப் பார்த்து இடித்துத் தள்ளிய பிறகு அவளிடம் கொடுத்தோம், அதன்பின் யாரும் திரும்பக் கேட்கவில்லை.

காலை ஆறு மணிக்குக் குட்டி யானை எனும் சின்னச் சரக்கு வண்டி வந்தது. ஓட்டுநர் தேவராஜ் அண்ணன். டீசலோடு ஒரு நாளைக்கு மூவாயிரத்து இருநூறு ரூபாய். நண்டைப் பின்னால் ஏற்றி, கீழே பழைய மெத்தை போட்டு, நான்கு பக்கமும் கயிறு கட்டினோம். அண்ணன் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னா தம்பி இது, தண்ணி பாக்குற மிஷினா?"

"இல்லண்ணா, செவ்வாய் கிரகத்துக்குப் போற வண்டி."

"அதுக்கு இன்னாத்துக்கு மெத்த?"

அவ்வளவு தூரம் போகவேண்டிய வண்டி செங்கல்பட்டு சாலைக்குத் தாங்காது என்று எப்படிச் சொல்வது? நிவேதா முன்னால் அண்ணனோடு உட்கார்ந்தாள், ஜெரால்டும் நானும் பைக்கில் பின்னால்.

முதல் இடம், திருக்கழுக்குன்றம் சாலையில் பத்தாவது கிலோமீட்டரில் இடது பக்கம் பிரியும் மண் பாதையில் இருக்கும் ஒரு ஏரி. வெயில் காலத்தில் முக்கால் பங்கு காய்ந்து கிடக்கும். பாளம் பாளமாக வெடித்த தரை, மண் எடுத்த பள்ளங்கள், கருவேலம் புதர். படத்தில் பார்த்தால் வேற்றுக் கிரகம் என்றே நம்பலாம், தூரத்து மின்கம்பத்தை மறைத்துவிட்டால். ஊராட்சியில் முந்தைய நாளே கேட்டு வைத்திருந்தோம். ஏழு மணிக்கெல்லாம் கூடாரம் போட்டு, கறுப்புத் துணி சுற்றி, நிவேதாவை உள்ளே அனுப்பிவிட்டோம். பாவம், உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும். கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு போனாள்.

முதல் ஓட்டம் அழகாக ஆரம்பித்தது. நான் ரோவருக்குப் பத்தடி பின்னால், கையில் அவசர நிறுத்தப் பொத்தானோடு நடந்தேன். அது பாதுகாப்புக்கு. அழுத்தினால் நண்டு அப்படியே நின்றுவிடும், அந்த ஓட்டமும் செல்லாது. நான்கு நிமிடம் போனது. முன்னால் ஒரு பள்ளம் வந்தது.

"யம்மா! லெஃப்ட்ல ஒடி! ஒடி, ஒடி, ஒடி... அவ்ளோதான், அப்டியே வா, வா, வா!"

தேவராஜ் அண்ணன்தான். வண்டி நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர், எப்போது எழுந்து வந்தார் என்றே தெரியவில்லை. இரண்டு கையையும் விரித்து நண்டுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். நண்டும் அவர் சொன்னபடியே ஒடித்து, பள்ளத்தைத் தாண்டி வந்தது. முதல் ஓட்டம் காலி.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நம் பக்கத்தில் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுத்தால் போதும், டீ குடிப்பவர், பஸ்ஸுக்கு நிற்பவர், பூக்கட்டுபவர் என்று யாராவது ஒருவர் பின்னால் வந்து நின்று கை காட்டுவார். யாரும் கூப்பிட வேண்டாம். வண்டி திரும்பியதும் பேர்கூடச் சொல்லாமல் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். சக்கரம் உருண்டால் நமக்கு வாய் தானாகத் திறக்கும். அதை ஒரு கெட்ட பழக்கம் என்று நான் நினைத்ததே இல்லை.

இரண்டாவது ஓட்டத்துக்கு அண்ணனை வண்டிக்குள் உட்கார வைத்தோம். இப்போது ஆடு மேய்க்கும் ஓர் அக்கா வந்தார். கூடவே ஏரியில் வேலைக்கு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். வாயில் விரல் வைத்துச் சைகை காட்டினேன், தலையாட்டினார்கள். நண்டு பள்ளத்தை நெருங்கியதும் அந்த அக்கா பதறிப்போய், "பள்ளம் கீதுடி பொண்ணே! எந்த மவராசி ஓட்றா இத்த, கண்ணு தெரில?" என்றார். மற்றவர்கள் அவரை அதட்டினார்கள், "ஏய் சும்மா இரு, பேசக்கூடாதுன்னு சொல்லிகினு கீறாங்க இல்ல!" அதுவும் ஒலிப்பதிவில் தெளிவாக விழுந்தது. மூன்றாவது ஓட்டத்தைக் கெடுத்தது நான். அதை விளக்க வேண்டியதில்லை.

ஜெரால்ட் மடிக்கணினியை மூடினான். அவனுக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகும்.

"மச்சான், மனுஷனே இல்லாத எடம் வேணும்."

"செங்கல்பட்டு ஜில்லாவுலயா?"

"தேடு."

பத்து மணிக்குத் திருக்கழுக்குன்றத்தில் நாஸ்தா. இட்லி, வடகறி, ஆளுக்கு அறுபது ரூபாய். வடகறி நன்றாக இருந்தது. ஆனால் அதை ரசிக்கும் நிலையில் யாரும் இல்லை. அங்கிருந்து மாமல்லபுரம் சாலையில் ஐந்து கிலோமீட்டர் போய் வலது பக்கம் திரும்பினால், வேலை நின்றுபோன ஒரு கல்குவாரி இருக்கிறது. உரிமையாளரின் காவலாளி சாவி கொடுத்துவிட்டு, மதியம் வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார். ஒரு எச்சரிக்கை, உள்பக்கத்துக் குழியில் தண்ணீர் நிற்கிறது, ஆழம் யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். நாங்கள் வாசலுக்குப் பக்கத்து ஜல்லி மேட்டிலேயே கூடாரம் போட்டோம்.

இங்கே நிஜமாகவே யாரும் இல்லை. காக்கா கூட இல்லை. தேவராஜ் அண்ணனை வாசலில் நிறுத்தியாயிற்று. நான் என் சட்டைக் காலரைப் பல்லில் கடித்துக்கொண்டேன். இந்தத் தடவை ஒரு சத்தமும் வராது, ஓட்டம் செல்லும் என்று நிம்மதியாக நடந்தேன்.

நண்டு முப்பதடி போனது. நேராக ஒரு பாறாங்கல்லை நோக்கிப் போனது. பார்ப்பாள், திருப்புவாள் என்று நான் காத்திருந்தேன். திருப்பவில்லை. முன் சக்கரம் ஏறியது, நடுச் சக்கரம் ஏறியது, பொத்தானை நான் அழுத்துவதற்குள் நண்டு பக்கவாட்டில் சாய்ந்து தொப்பென்று விழுந்தது. கழுத்து வளைந்தது, ஒரு சக்கரத்தின் மின்கம்பி அறுந்தது.

நிவேதா கூடாரத்திலிருந்து ஓடி வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"ஏண்ணா யாரும் ஒண்ணுமே சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுதானே இங்க வந்திருக்கோம்."

"அது தெரியும். ஆனா..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள். கீழே கிடந்த நண்டைப் பார்த்தாள். பிறகு கூடாரத்தைப் பார்த்தாள். "நான் ஸ்கிரீனப் பாத்துதான் ஓட்டுறேன்னு நெனச்சிட்டு இருந்தேண்ணா."

கல்லூரி மைதானத்தில் எட்டு மாதம் அவள் ஓட்டிய ஒவ்வொரு நாளும் நாங்கள் பதின்மூன்று பேர் சுற்றி நின்று கத்தியிருக்கிறோம். கூடாரம் என்பது ஒரு துணிதானே? லெஃப்ட், கல்லு, மெதுவா, ஒடி, ஓல்டான். அவள் காதால் ஓட்டியிருக்கிறாள். அது அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. யார் குரல் அதிகம் என்று ஜெரால்ட் தன் கைபேசியில் இருந்த பழைய பயிற்சிக் காணொளிகளை ஓட்டிப் பார்த்தான். நான்தான். எல்லாவற்றிலும் நான்தான். ஒரு படத்தில் நண்டைவிட என் கைதான் அதிகம் தெரிந்தது. அவளுக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்து, அவள் பார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு நாள்கூட விடாமல் கெடுத்திருக்கிறேன். அங்கே ஒரு மறைவிடம் இருந்திருந்தால் போய் அழுதிருப்பேன். குவாரி வெட்ட வெளி.

ஜெரால்ட் மெதுவாகச் சொன்னான், "நிவி, வேணும்னா கடைசி ஓட்டத்த நான் ஓட்டறேன். நீ டென்ஷன் ஆகாத."

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அவள் அறுந்த கம்பியைக் குனிந்து எடுத்து, மண்ணைத் துடைத்து, என் கையில் கொடுத்தாள்.

"இத எவ்ளோ நேரத்துல ஒட்ட முடியும்ணா?"

"ஒரு மணி நேரம்."

"இன்னொரு பேட்டரி முழுசா இருக்கில்ல? நான்தான் ஓட்டுவேன்."

மாமல்லபுரத்துக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டரை. சனிக்கிழமை என்பதால் கடற்கரைக் கோயில் பக்கம் கார் நிறுத்த இடமில்லை. நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடையில் இறங்கினோம். அளவில்லாச் சாப்பாடு நூற்றிப் பத்து. கைபேசி சார்ஜ் போடும் இடத்தில் கம்பியை ஈயம் வைத்து ஒட்டும் பற்றவைப்புக் கோலைச் சொருகிக்கொள்ளலாமா என்று கேட்டேன். முதலாளி ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "வூட்டாண்ட செய்ற வேலையெல்லாம் இங்க எடுத்தாந்துட்டியா? போடு, போடு" என்றார். ரசம் மணக்கும் மேசையில் உட்கார்ந்து ரோவரின் கம்பியை ஒட்டினேன். கழுத்தை நிமிர்த்தி, சரியாக நிற்காத இடத்தில் பிளாஸ்டிக் கட்டு போட்டேன்.

நிவேதா சாப்பிட்டு முடித்துவிட்டு, காலையில் ரோவரின் கேமரா எடுத்த காணொளிகளை மடிக்கணினியில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒலியை முழுதாக அணைத்திருந்தாள். ஏரிப் பள்ளம் வரும் இடம், திரும்ப அதே இடம், திரும்ப அதே இடம். அரை மணி நேரம் கழித்து என்னிடம் கேட்டாள்.

"பிரபு அண்ணா, இந்தக் கேமரா ஏன் இவ்ளோ மேல பாக்குது?"

ஜெரால்டும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அப்படி வைத்தால் நண்டு தலை நிமிர்ந்து கம்பீரமாகத் தெரியும். துறையின் சுவரொட்டிக்குப் படம் எடுத்தபோது வைத்தது, அப்படியே இருந்துவிட்டது.

"இதுல எனக்கு வானம் நல்லா தெரியுது. சக்கரத்துக்கு முன்னால நாலடிக்குத் தரையே தெரியல. இத்தன நாளா இது எனக்குத் தேவைப்படல, அதான் கேக்கல."

கேமராவைக் கீழே சாய்த்தோம். முன் சக்கரங்கள் இரண்டும் படத்தின் அடியில் தெரியும் அளவுக்கு. நண்டு இப்போது எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போல இருந்தது. பார்க்க அழகில்லை.

அடுத்து எங்கே போவது? தெற்கே கல்பாக்கம் பக்கம் ரோவரின் ரேடியோ ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு போகும் துணிச்சல் எங்களில் யாருக்கும் இல்லை. அங்கே இருப்பது அணுமின் நிலையம். வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்பது கிலோமீட்டர் போனால் பட்டிபுலம். சாலையிலிருந்து கடல் வரை சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் மேடும் பள்ளமுமாக மணல். மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். முதலில் கண்ணில் பட்ட இடத்தில் சிறுசேரி மென்பொருள் கம்பெனிக் கூட்டம் ஒன்று ஒரே நிறத்து பனியனில் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தது. அவர்களைத் தாண்டி அரை கிலோமீட்டர் நடந்து, வலை காயப்போடாத, படகு ஏற்றாத ஒரு துண்டு மணலைப் பிடித்தோம். வலை கிடக்கும் இடத்தில் எந்த வண்டியையும் ஓட்டாதீர்கள். மீனவர்களின் பிழைப்பு அது.

மணல் மோட்டாருக்குள் போகாமலிருக்க ஆறு சக்கரத்தின் அச்சிலும் பழைய காலுறையை வெட்டிச் சுற்றினேன். கம்பத்தை ஜெரால்ட் கொண்டுபோய் ஒரு மணல் மேட்டுக்கு அப்பால் நட்டான். எங்கே நட்டான் என்று நிவேதாவுக்குத் தெரியாது. மணலில் பேட்டரி சீக்கிரம் தீரும், ஒரே ஓட்டம்தான் தாங்கும். வெயில் இறங்கினால் சவுக்கு மரங்களின் நிழல் தரையில் கோடு கோடாக விழுந்து கேமராவைக் குழப்பும். ஆக ஐந்தே காலுக்குள் ஆரம்பித்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

ஆனால் நாலரைக்கே கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. மீன்பிடித்துத் திரும்பிய நான்கைந்து பேர், சுண்டல் விற்கும் அம்மா, கைப்பந்து ஆடி முடித்த பனியன்காரர்கள். என் நம்பிக்கை எல்லாம் அப்போதே போய்விட்டது. ஏரியில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும் என்று நினைத்தேன்.

அப்போது தேவராஜ் அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் வாயைச் சுற்றி இறுக்கக் கட்டிக்கொண்டார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. கட்டிக்கொண்டு கூட்டத்தின் முன்னால் போய், துண்டைக் கொஞ்சம் இறக்கி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"ஷூட்டிங்."

நான் வாழ்க்கையில் இப்படி ஒரு அமைதியைக் கண்டதில்லை. இந்தச் சாலையில் இருப்பவர்களுக்குப் படப்பிடிப்பு என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டாம். எத்தனை பாட்டு, எத்தனை சண்டை இந்த மணலில் எடுத்திருக்கிறார்கள். ஒருவர் பீடியை அணைத்தார். சுண்டல் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிசுகிசுப்பாகக் கேட்டார், "ஈரோ யாருப்பா?" அண்ணன் நண்டைக் கை காட்டினார். அந்த அம்மா நண்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

ஐந்தே காலுக்கு நிவேதா உள்ளே போனாள். துணி மூடியது. நண்டு நகர்ந்தது.

முதலில் மிக மெதுவாகப் போனது. மைதானத்தில் போவதில் பாதி வேகம்கூட இல்லை. ஐந்தடிக்கு ஒரு முறை நின்று கழுத்தைத் திருப்பி இடது பக்கம், வலது பக்கம் பார்த்தது. ஒரு பழைய கட்டுமரத்துண்டைத் தொடாமல் சுற்றியது. மணல் மேட்டில் ஏறும்போது பின் சக்கரங்கள் புதைந்தன, பக்கவாட்டில் நண்டு நடை போட்டு வெளியே வந்தது. மேட்டின் உச்சியிலிருந்து கம்பம் தெரிந்திருக்கும், அவசரப்பட்டு நேராகப் போவாள் என்று நினைத்தேன். கம்பத்துக்கும் அவளுக்கும் நடுவில், யாரோ எப்போதோ தோண்டி விட்டுப்போன இடுப்பளவுக் குழி ஒன்று இருந்தது. நாங்கள் இடம் பார்த்தபோது யார் கண்ணிலும் படவில்லை.

நண்டு குழியை நோக்கிப் போனது. முன் சக்கரத்தடியில் மணல் சரிய ஆரம்பித்தது. அப்புறம் நின்றது.

என் கட்டைவிரல் நிறுத்தப் பொத்தான் மேல் இருந்தது. குழிக்குள் விழுந்தால் கை உடையும், கழுத்து உடையும், திருப்பி ஒட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. அழுத்தினால் நண்டு பிழைக்கும், ஆனால் போட்டி போய்விடும். 'ரிவர்ஸ்' என்று ஒரே ஒரு வார்த்தை என் தொண்டையில் வந்து நின்றது. நண்டும் நின்றது. அரை நிமிடம், ஒரு நிமிடம். ஜெரால்ட் கண்ணை மூடிக்கொண்டான். அண்ணன் துண்டுக்கு மேல் கையையும் வைத்துப் பொத்திக்கொண்டார். கூட்டத்தில் ஒருவர்கூட மூச்சு விடவில்லை, கடல் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

கேமரா இன்னும் கீழே குனிந்தது. தன் சக்கரத்தையே பார்த்தது. இடது பக்கம் திரும்பி மணல் சரிவதைப் பார்த்தது. பிறகு நண்டு ஒரு சாண் பின்னால் வந்தது. நின்றது. இன்னொரு சாண். அப்புறம் பக்கவாட்டில், விளிம்பை ஒட்டி, குழியைச் சுற்றிக்கொண்டு போனது. நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். எனக்குக் கண் கலங்கியது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

கம்பத்துக்குப் போய், கையை நீட்டி, முதல் முறை கல்லைத் தவறவிட்டு, இரண்டாம் முறை எடுத்து, பெட்டியில் போட்டது. டக் என்று சின்னச் சத்தம். எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கூடாரம் தூரத்தில் இருந்தது, அவளுக்குக் கேட்டிருக்காது. கடல் இரைச்சல் வேறு. மைதானத்தில் என்றால் இந்நேரம் பதின்மூன்று பேரும் கூச்சல் போட்டு அவளுக்குச் சொல்லியிருப்போம். இப்போது ஓட்டுபவர் முடிந்தது என்று சொல்லும்வரை பதிவு ஓட வேண்டும், நாங்கள் வாய் திறக்க முடியாது. நண்டு பெட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றது.

கூடாரத்துக்குள் என்ன நடந்தது என்பதைப் பிறகு காணொளியில் பார்த்தோம். அவள் திரையைப் பார்த்தபடி, "வந்துட்டேன்... வந்துட்டேன் இல்ல?" என்று கேட்கிறாள். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காது கொடுக்கிறாள். யாரும் சொல்லவில்லை. மறுபடி திரையைப் பார்க்கிறாள், கல்லை, பெட்டியை, கம்பத்தை. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, யாரிடமும் கேட்காத குரலில், "வந்துட்டேன்" என்கிறாள். பதிவை நிறுத்துகிறாள்.

வெளியே கூட்டம் போட்ட சத்தத்துக்குத் தோப்பிலிருந்த குருவியெல்லாம் பறந்தது. சுண்டல் அம்மா ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

ஆறேகால் மணிக்கு நண்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். தோப்புக்குள் வண்டியைத் திருப்ப இடம் குறுகல். அண்ணன் ரிவர்ஸ் போட்டார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் கை கட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சவுக்கு மரத்தில் டமால் என்று இடித்தது. அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாபா, மூணு பேரும் வாய மூடிகினு நிக்கறீங்க? பின்னால மரம் கீதுன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவீங்க?"

நிவேதாதான் முதலில் சிரித்தாள். பிறகு வண்டிக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கினாள். "வாங்கண்ணா... ரைட்ல ஒடி... ஒடி... வா, வா, வா... ஓல்டான்!" அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இந்தப் பக்கம் ரோவர் ஓட்டிப் பார்க்க வருபவர்களுக்குச் சில விஷயங்கள். ஏரி என்றால் மே, ஜூன்தான், அதுவும் எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். குவாரிக்கு உரிமையாளரின் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். கடற்கரை மணலுக்குக் காலுறை போதும், ஆனால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள், உப்பு விடாது. முட்டுக்காடு பக்கம் சனி, ஞாயிறு போகவே வேண்டாம், படகுத்துறைக் கூட்டத்தை எந்தத் துண்டும் அடக்காது. மொத்தத் தூரம், சுற்றியதெல்லாம் சேர்த்து, தொண்ணூற்று ஐந்து கிலோமீட்டர். கேமராவை அழகுக்கு வைக்காதீர்கள். முக்கியமாக, ஓட்டுபவரைக் கூடாரத்துக்குள் அனுப்பிய முதல் நாளிலிருந்தே நீங்கள் வாயை மூடப் பழகுங்கள். சக்கரம் செய்வதைவிட அது கஷ்டம், இரண்டும் செய்தவன் சொல்கிறேன்.

நாங்கள் தேர்வாகிவிட்டோம். மோட்டார்கள் நண்டிடமே இருக்கின்றன. இப்போது மைதானத்தில் பயிற்சி நடந்தால் பதின்மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறோம். போன வாரம் மழைத் தண்ணீர் அரித்த ஒரு குழியில் நண்டு இறங்கிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கூடாரத்திலிருந்து குரல் வந்தது, "குழி தெரியுது, நானே எடுக்கறேன், யாரும் சொல்லாதீங்க." நாங்கள் யாரும் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் சொன்னாள்.